மூலைக்கு மூலை தாவும் முத்திரை

என் சித்தி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறார். தைத்து வரும் துணியில் தையல் விட்டுப்போன இடம், எண்ணெய்க் கறை, ஓட்டை ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்கிவைப்பது அவர் வேலை; நாள் முழுவதும் மேசை முன் நின்றபடியே பார்க்க வேண்டும். 2018ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, பழைய திரைப்பாடல் ஒன்றின் நான்கு வரிகளுக்கு உதடசைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் நிறுத்தவில்லை. 15 விநாடிகள் முடிந்த பிறகுதான், “வா கண்ணு, சாப்டயா?” என்று கேட்டார். அப்போது அவருக்கு வயது 43. திருமண ஆல்பத்தையும் ஆதார் அட்டையையும் தவிர்த்தால், அதுவரை அவருடைய படம் என்று எங்கும் இருந்ததில்லை.

டிக்டாக் இந்தியாவிலிருந்து அகற்றப்பட்டு ஆண்டுகள் பல ஓடிவிட்டன. இன்று அதைப் பற்றிப் பேச்சு எழுந்தால், ஒன்று கேலியாக எழுகிறது, இல்லையென்றால் சீனா, எல்லை, தேசப் பாதுகாப்பு என்ற சொற்களோடு எழுகிறது. இந்த இரண்டு பேச்சுகளுக்கும் இடையில், தம் முகத்தையும் பிறர் நின்று பார்ப்பார்கள் என்று அந்தச் செயலியின் வழியாக முதன்முறையாக அறிந்துகொண்ட மனிதர்கள் விடுபட்டுப்போகிறார்கள். அவர்களில் ஒருவரை நான் அருகிலிருந்து பார்த்தேன் என்பதால், அந்தச் செயலி எப்படி வளர்ந்தது, எப்படி இல்லாமல் போனது என்பதை என்னால் இயன்ற அளவு நிதானமாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

இதன் வேர்கள் சீனாவின் இரண்டு நகரங்களில் இருக்கின்றன. ஷாங்காயில் அலெக்ஸ் ஜூ, லூயூ யாங் என்ற இருவர் முதலில் உருவாக்கியது குறுங்காணொளிகளின் வழியாகப் பாடம் கற்பிக்கும் ஒரு செயலி. அது எடுபடவில்லை. அந்தத் தோல்விக்குப் பிறகு 2014இல் அவர்கள் வெளியிட்டதுதான் மியூசிக்கலி. பெய்ஜிங்கில் சாங் யீமிங் 2012இல் தொடங்கிய பைட்டான்ஸ் நிறுவனமோ செய்திச் செயலியில் பெயர்பெற்றது. வாசகர் யாரைப் பின்தொடர்கிறார் என்று கேட்காமல், எந்தச் செய்தியில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதைக் கணக்கிட்டு அடுத்த செய்தியை முன்வைக்கும் நுட்பம் அதனிடம் இருந்தது. அந்த நுட்பத்தைக் குறுங்காணொளிக்குக் கொண்டுவந்து, 2016 செப்டம்பரில் சீனாவுக்குள் டோயின் என்ற பெயரிலும், அடுத்த ஆண்டு வெளிநாடுகளில் டிக்டாக் என்ற பெயரிலும் அது செயலிகளை வெளியிட்டது. 2017 நவம்பரில் மியூசிக்கலியை விலைக்கு வாங்கி, 2018 ஆகஸ்ட் 2 அன்று இரண்டையும் ஒன்றாக்கியது. மியூசிக்கலி என்று சொல்லிப் பழகியிருந்த நம்மூர்ப் பிள்ளைகள் ஒரு நாள் கைபேசியைத் திறந்தபோது பெயரும் சின்னமும் மாறியிருந்தன. அந்த நாளிலிருந்து கணக்கிட்டால் டிக்டாக் இங்கே இருந்தது ஏறக்குறைய 23 மாதங்கள்தான்.

அந்தச் செயலி வருவதற்கு முன்பே களம் ஆயத்தமாக இருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையத்தின் விலை வீழ்ந்து, கூலி வேலை செய்பவரும் நாளொன்றுக்கு ஒரு ஜிபி செலவழிக்கலாம் என்ற நிலை உருவாகியிருந்தது. வசனத்துக்கு வாயசைக்கும் ஆசையையும் தமிழர்களுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. திருவிழா மேடைகளில் ரெக்கார்டு டான்ஸ் பார்த்தும், பேருந்துப் பயணத்தில் திரைப்பட வசனங்களை ஒப்பித்தும் வளர்ந்தவர்கள் நாம். பெர்லினில் உருவான டப்ஸ்மாஷ் செயலி 2015இல் இங்கே பரவியபோது அந்த ஆசை நன்றாகவே வெளிப்பட்டது. ஆனால் டப்ஸ்மாஷில் எடுத்த காணொளிக்கு அந்தச் செயலிக்குள் போக்கிடம் இல்லை. அதைச் சேமித்து வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டும். அனுப்பினால் அத்தை, மாமா, பள்ளித் தோழி என நம்மை ஏற்கெனவே அறிந்தவர்கள்தான் பார்ப்பார்கள். நம்மை அறிந்தவர்கள் முன் நடிப்பதற்குத்தான் நமக்குக் கூச்சம் அதிகம்.

டிக்டாக்கின் வளர்ச்சிக்கு மையமான காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஃபேஸ்புக் உள்ளே நுழைந்ததுமே உங்களுக்குத் தெரிந்தவர்கள் யார் என்று கேட்கும். யூடியூபில் ஒரு காணொளி போட வேண்டுமென்றால் சொல்வதற்கு ஒரு பொருள் வேண்டும், அதைத் தொகுக்கத் தெரிந்திருக்க வேண்டும். வருமானம் வர வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்று 2018இன் தொடக்கத்தில் அது விதி வகுத்தது. டிக்டாக் இவை எதையும் கேட்கவில்லை. பாட்டும் வசனமும் ஆயத்தமாக இருந்தன. ஒருவர் காணொளியில் சுழலும் இசைத்தட்டுச் சின்னத்தைத் தொட்டால் அதே ஒலியைக் கொண்டு நாமும் எடுக்கலாம். எடுத்த காணொளியை அது முதலில் முன்பின் அறியாத சிலருக்குக் காட்டும். அவர்கள் முழுவதும் பார்த்தால், மறுபடி பார்த்தால், விரும்பினால், இன்னும் பலருக்குக் காட்டும். பின்தொடர்பவர் ஒருவர்கூட இல்லாத கணக்குக்கும் இந்த முதல் வாய்ப்பு கிடைத்தது. சித்தியின் ஐந்தாவது காணொளியை 300 பேர் பார்த்திருந்தார்கள். அந்த 300 பேரில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது. “தெரியாதவங்க பாக்கறாங்க, அதனாலதான் பண்றேன்” என்று அவர் சொன்னதை நான் வெகுநாள் கழித்தே சரியாகப் புரிந்துகொண்டேன்.

டூயட் என்ற வசதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவர் ஏற்கெனவே வெளியிட்ட காணொளியைத் திரையின் ஒரு பாதியில் ஓடவிட்டு, மறுபாதியில் நம்முடையதை எடுத்துச் சேர்க்கலாம். நம்மவர்கள் இதைத் தமக்கே உரிய முறையில் பயன்படுத்திக்கொண்டார்கள். பாடலின் ஆண்குரல் வரிகளுக்கு மட்டும் ஒருவர் வாயசைத்து, பெண்குரல் வரும் இடத்தில் பக்கவாட்டில் திரும்பிப் புன்னகைத்துக் காத்திருப்பார். எங்கோ இருக்கும் முன்பின் தெரியாத ஒரு பெண் மறுபாதியில் நின்று அந்த வரிகளை முடித்துவைப்பார். சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்குப் போனவரும் திருப்பூரில் துணி பார்ப்பவரும் ஒரே சட்டகத்துக்குள் அம்மா மகனாகவும் அண்ணன் தங்கையாகவும் நடித்தார்கள். சித்தி பெரும்பாலும் அம்மா வேடம்தான் எடுத்துக்கொள்வார். வெளிநாட்டில் இருந்த ஓர் இளைஞர் பேசிய மகன் வசனத்துக்கு அவர் செய்த டூயட்டை 2,00,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். மறுநாள் கம்பெனி வேனில் அவருக்கு உட்கார இடம் கொடுத்தார்களாம். சிறிய விஷயம்தான், ஆனால் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் அதற்கு முன் கண்டதில்லை.

காணொளியைக் கைபேசியில் சேமித்தால் அதன் மேல் டிக்டாக்கின் முத்திரையும் எடுத்தவரின் கணக்குப் பெயரும் சேர்ந்தே வரும். அது ஒரே இடத்தில் நிற்காது. சிறிது நேரம் மேலே இடப்பக்க மூலையிலும் பிறகு கீழே வலப்பக்க மூலையிலுமாகத் தாவும். வெட்டி எடுத்துவிட முடியாதபடி செய்த ஏற்பாடு அது. வாட்ஸாப் ஸ்டேட்டஸில் நம்மவர்கள் வைத்த ஒவ்வொரு காணொளியும் இவ்வாறு அந்தச் செயலிக்கு இலவச விளம்பரமாக அமைந்தது. 2020 ஏப்ரலில் உலகம் முழுவதுமான அதன் பதிவிறக்கங்கள் 200 கோடியைத் தாண்டியபோது, செயலிகளின் பதிவிறக்கங்களைக் கணக்கிடும் சென்சார் டவர் நிறுவனத்தின்படி அவற்றில் 61 கோடி இந்தியாவில் நடந்தவை.

அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். கொத்து வேலைக்கு இடையில் சாரத்தில் நின்றபடி பாடியவர்கள், படகில் வலை இழுத்தபடி வசனம் பேசியவர்கள், ஆடு மேய்க்கும் பாட்டிகள், தம் அலங்காரத்தை அச்சமின்றிக் காட்டிய திருநங்கைகள், கணவரும் மனைவியுமாகச் சமையலறையில் ஆடியவர்கள். தூத்துக்குடி மாவட்டம் உடன்குடியில் மரச்சாமான் தொழில் செய்துவந்த ஜி.பி. முத்து, நெல்லைப் பேச்சுவழக்கை எந்தப் பூச்சும் இல்லாமல் பேசி மாநிலம் முழுவதும் அறியப்பட்டது இந்தச் செயலியால்தான்; பிற்காலத்தில் யூடியூபுக்கும் தொலைக்காட்சிக்கும் அவர் போனது பலருக்கும் தெரிந்த கதை. நகரத்து நடுத்தர வர்க்கம் காலங்காலமாகத் திரையில் பார்த்துவந்த முகங்களும் நிறங்களும் வீட்டுச் சுவர்களும் வேறு. டிக்டாக்கில் பூசப்படாத செங்கல் சுவரும் ஓலைக் கூரையும் அரசு கொடுத்த மின்விசிறியும் எந்தத் தயக்கமும் இன்றிப் பின்னணியில் இருந்தன.

அதன் தீமைகளை நான் மறைக்க விரும்பவில்லை. 13 வயதுக்குக் குறைந்தவர்கள் அதில் தாராளமாக இருந்தார்கள். இதே குற்றச்சாட்டுக்காக, சிறுவர்களின் தகவல்களைப் பெற்றோர் ஒப்புதலின்றித் திரட்டியதற்கு, அமெரிக்காவின் வணிக ஆணையம் 2019 பிப்ரவரியில் 57 லட்சம் டாலர் தண்டம் பெற்றது. தமிழ்நாட்டில் சாதிப் பெருமையைப் பறைசாற்றியும் பிற சாதியினரை இழிவுபடுத்தியும், அரிவாளைக் காட்டி மிரட்டியும் இளைஞர்கள் காணொளி வெளியிட்டார்கள், அதற்காகக் கைதும் ஆனார்கள். ஒலியை அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற அதே வசதியால் ஒரு வசைப்பேச்சு நூறு வாய்களிலிருந்து ஒலித்தது. டூயட்டும் கேலிக்குப் பயன்பட்டது. ஒரு பெண்ணின் காணொளியை ஒரு பாதியில் ஓடவிட்டு, மறுபாதியில் நின்று அவரை அவமானப்படுத்துவது தனி வகையாகவே வளர்ந்தது. 2018 அக்டோபரில், பெண் வேடமிட்டு நடித்ததற்காகத் தொடர்ந்து கேலி செய்யப்பட்ட ஓர் இளைஞர் சென்னையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் செய்தியைப் பின்னர் படித்த நாளில் சித்தியிடம் கணக்கை மூடிவிடும்படி நானே சொன்னேன். அவர் கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்துக்குள்ளும் புயல் அடித்தது. உறவினர் ஒருவர் சித்தியின் காணொளியைச் சேமித்து, குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டு, “வயசுக்குத் தகுந்த வேலையா இது” என்று எழுதினார். சித்தப்பா இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. டூயட்டில் மறுபாதியில் இருந்தவர் மகன் வயதுப் பையன், பேசியது மகன் வசனம் என்பதெல்லாம் எடுபடவில்லை. தெரியாத ஆண் ஒருவனோடு ஒரே படத்தில் நிற்கிறாள் என்பதே அவர்களுக்குப் போதுமான குற்றமாக இருந்தது. இதே பேச்சு அந்த ஆண்டில் தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளில் நடந்திருக்கும் என்பதை, பிறகு சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் எழுந்த குரல்களைக் கேட்டபோது உணர்ந்தேன்.

ஏனென்றால், டிக்டாக்கைத் தடை செய்ய வேண்டும் என்ற முயற்சியில் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முந்திக்கொண்டது. 2019 பிப்ரவரியில் சட்டமன்ற உறுப்பினர் தமிமுன் அன்சாரி சட்டப்பேரவையில் இந்தக் கோரிக்கையை எழுப்ப, தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சராக இருந்த மணிகண்டன் மத்திய அரசு வழியாக நடவடிக்கை எடுக்கப்படும் என்று பதிலளித்தார். அதையடுத்து வழக்கறிஞர் முத்துக்குமார் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல மனு தொடுத்தார். ஏப்ரல் 3 அன்று நீதிபதிகள் என். கிருபாகரன், எஸ்.எஸ். சுந்தர் ஆகியோர் கொண்ட அமர்வு, செயலியின் பதிவிறக்கத்தைத் தடுக்கும்படி மத்திய அரசுக்கும், டிக்டாக் காணொளிகளை ஒளிபரப்பக் கூடாது என்று ஊடகங்களுக்கும் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அந்த மாதத்தின் நடுவில் கூகுளும் ஆப்பிளும் தம் கடைகளிலிருந்து செயலியை நீக்கின. மதுரையில் பிறந்த ஓர் ஆணை நாடு முழுவதற்குமான கதவை மூடியது. நாளொன்றுக்கு 5 லட்சம் டாலர் இழப்பு ஏற்படுவதாக பைட்டான்ஸ் உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டது. தகாதவை என்று 60 லட்சத்துக்கு மேற்பட்ட காணொளிகளை நீக்கிவிட்டதாகவும் அது அறிவித்தது. ஏப்ரல் 24க்குள் இடைக்காலத் தடை பற்றி முடிவெடுக்கவில்லை என்றால் தடை தானாகவே நீங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூற, அந்த 24ஆம் தேதியே மதுரைக் கிளை நிபந்தனைகளோடு தடையை விலக்கிக்கொண்டது.

அந்த வழக்கில் ஒரு நன்மையும் இருந்தது என்று இன்று நினைக்கிறேன். நீதிமன்றத்தில் இரு தரப்பும் பேசின. மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாதார் நீதிமன்றத்துக்கு உதவுபவராக அமர்த்தப்பட்டுத் தம் கருத்தை முன்வைத்தார். ஆணை எதற்காகப் பிறந்தது, எதற்காக விலகியது என்பதை என்னைப் போன்ற சாதாரண ஆள் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. அடுத்த ஆண்டு வந்த தடையில் இந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியதும் திருப்பூரில் இயந்திரங்களின் ஓசை நின்றது. வட மாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போக வழியின்றித் தவித்தார்கள். சித்தியைப் போன்றவர்கள் சம்பளமின்றி வீட்டுக்குள் இருந்தார்கள். ஏப்ரலில் அவர் நாளொன்றுக்கு மூன்று காணொளிகள்கூட வெளியிட்டார். டிக்டாக் நிறுவனம் மருத்துவப் பணியாளர்களுக்காக 100 கோடி ரூபாய் மதிப்புள்ள 4,00,000 பாதுகாப்பு உடைகளை இந்திய அரசுக்கு அளிப்பதாக அறிவித்ததும் அந்த மாதம்தான். மே மாதத்தில் இந்தி யூடியூபர்களுக்கும் டிக்டாக் பிரபலங்களுக்கும் இடையே மூண்ட சண்டையில், கூகுள் பிளேயில் நான்குக்கு மேல் இருந்த டிக்டாக்கின் மதிப்பெண் ஒன்றரைக்கும் கீழே போனது. லட்சக்கணக்கான ஒற்றை நட்சத்திர விமர்சனங்களை கூகுள் பிறகு நீக்க வேண்டியிருந்தது. அந்தச் சண்டையில் டிக்டாக்காரர்களைத் திட்டப் பயன்பட்ட சொற்களில் பெரும்பகுதி அவர்களுடைய தோற்றத்தையும் ஏழ்மையையும் உச்சரிப்பையும் பற்றியவை. எங்கள் குடும்பக் குழுவில் கேட்ட அதே இளக்காரம் இந்தியில் வேறு உடை அணிந்து வந்ததாகவே எனக்குத் தோன்றியது.

ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நடந்த மோதலில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. நாடு கொதித்தது, அந்தக் கோபம் நியாயமானது. இரண்டு வாரம் கழித்து, ஜூன் 29 திங்கட்கிழமை இரவு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவைக் கொண்டு 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. நாட்டின் இறையாண்மைக்கும் பாதுகாப்புக்கும் ஊறு விளைவிக்கின்றன, பயனர்களின் தகவல்களை வெளிநாட்டுச் சர்வர்களுக்கு அனுமதியின்றிக் கடத்துகின்றன என்று அறிவிப்பு கூறியது. ஷேர்இட், யூசி பிரவுசர், கேம்ஸ்கேனர், ஹலோ என்று நம் கைபேசிகளில் அன்றாடம் புழங்கிய பெயர்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. மக்கள் உண்மையில் இழப்பாக உணர்ந்தது டிக்டாக்கை. அப்போது இந்தியாவில் அதற்கு சுமார் 20 கோடிப் பயனர்கள் இருந்தார்கள்.

தகவல் பாதுகாப்பு பற்றிய அச்சம் வெற்று அச்சம் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த நாட்டு நிறுவனமாயினும் கோடிக்கணக்கானவர்களின் முகம், குரல், இருப்பிடம், பழக்கம் ஆகியவற்றைத் திரட்டிவைத்திருப்பது கவலைக்குரியது. ஆனால் அன்றைக்கு இந்தியாவில் தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்று முழுமையான சட்டமே இல்லை. அது நிறைவேறியது 2023 ஆகஸ்டில். 69ஏ பிரிவின் கீழான விதிகளின்படி தடைக் கோரிக்கைகளும் நடவடிக்கைகளும் கமுக்கமாக வைக்கப்பட வேண்டியவை. ஆகவே எந்தத் தகவல், எங்கே, எவ்வாறு போனது என்பதற்கான சான்றை டிக்டாக்கைப் பயன்படுத்திய ஒருவர் கேட்டுப் பெறுவதற்கு வழி இல்லை. 2021 ஜனவரியில் தடை நிரந்தரமாக்கப்பட்டபோதும் அதேதான் நிலை. பயனர்கள் சலித்து விலகியதாலோ போட்டியில் தோற்றதாலோ டிக்டாக் இங்கே வீழவில்லை. அது உச்சத்தில் இருந்தபோது, ஒரே இரவில், அதைப் பயன்படுத்தியவர்களிடம் ஒரு சொல்லும் கேட்கப்படாமல் நின்றுபோனது.

அந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏறக்குறைய பத்து மணிக்குச் சித்தி அழைத்தார். “இனி வராதாமா? நாளைக்காச்சும் இருக்குமா?” என்று கேட்டார். செயலி அப்போதும் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. எல்லோரும் நேரலையில் வந்து, தம் இன்ஸ்டாகிராம் பெயரையும் யூடியூப் பெயரையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், சிலர் அழுதார்கள். சித்திக்கு இரண்டிலும் கணக்கு இல்லை. பிடித்த காணொளிகளை ஒவ்வொன்றாகச் சேமித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். கைபேசியில் இடம் போதவில்லை. சேமிக்க முடிந்தது 14 மட்டும். மறுநாள் செயலி கடைகளிலிருந்து மறைந்தது. மாலையில் அதைத் திறந்தவர்களுக்கு, அரசின் உத்தரவுக்கு உட்படுகிறோம் என்ற அறிவிப்பு மட்டும் தெரிந்தது. ஏறக்குறைய 600 காணொளிகள், 11,000 பின்தொடர்பவர்கள், வெளிநாட்டில் இருந்த அந்த மகன் வேடக்காரர் எல்லாம் அந்த அறிவிப்புக்குப் பின்னால் போய்விட்டார்கள். அவருடைய உண்மைப் பெயரைக்கூடச் சித்தி கேட்டுவைத்திருக்கவில்லை.

வெற்றிடத்தை நிரப்ப வந்தவர்களுக்குக் குறைவில்லை. சிங்காரி, மித்ரோன், ரொபோசோ ஆகிய குறுங்காணொளிச் செயலிகள் ஏற்கெனவே இருந்தன; மோஜ், ஜோஷ், எம்எக்ஸ் டகாடக் அடுத்தடுத்து வந்தன. ஜூலை 8 அன்று இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இந்தியாவில் திறந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸின் முதல் வெள்ளோட்டத்தை இந்தியாவில்தான் நடத்தியது. இந்தியச் செயலிகளுக்கு முதலீட்டாளர்களின் பணம் பெருகி வந்தது. பிறகு அது வற்றியது. 2022 பிப்ரவரியில் எம்எக்ஸ் டகாடக் மோஜுடன் இணைந்தது; 2023 ஜனவரியில் மோஜின் தாய் நிறுவனமான ஷேர்சாட் தன் ஊழியர்களில் ஐந்தில் ஒரு பங்கினரை வெளியேற்றியது. போட்டியாளரே இல்லாத களத்தை இந்திய நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டும், கடைசியில் அதை அறுவடை செய்தவை இரண்டு அமெரிக்க நிறுவனங்கள். பைட்டான்ஸின் இந்தியக் கிளையில் இருந்த 2,000க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் 2021இல் வேலையிழந்தார்கள்.

சித்தியை ரீல்ஸுக்கு அழைத்துச்செல்ல நான் மிகவும் முயன்றேன். கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். தொடங்கிய சில நிமிடங்களிலேயே இன்ஸ்டாகிராம் அவர் கைபேசியில் இருந்த எண்களைப் பார்த்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவரைப் பரிந்துரைத்துவிட்டது. எந்த உறவினர் குடும்பக் குழுவில் அவரைப் பழித்தாரோ, அவருடைய மகள்தான் முதல் பின்தொடர்பவர். அறியாதவர்கள் முன் நடிக்கும் சுதந்திரம் அங்கே தொடக்கத்திலேயே பறிபோனது. அதோடு, அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்களின் வீடுகள் அழகாக இருந்தன, அவர்கள் ஒளிவிளக்கு வைத்து எடுத்தார்கள். சித்தி இரண்டு காணொளிகள் போட்டார். முதலாவதை 19 பேரும் இரண்டாவதை 12 பேரும் பார்த்தார்கள். “இது படிச்சவங்க இடமாட்டம் இருக்குது” என்று சொல்லிக் கைபேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிற்காலத்தில் ரீல்ஸிலும் கிராமங்களும் சமையலறைகளும் வந்து சேர்ந்துவிட்டன என்பதை நான் அறிவேன். ஜி.பி. முத்துவைப் போலக் கடந்து வந்தவர்கள் வந்துவிட்டார்கள். வராமல் நின்றவர்களில் என் கண்ணுக்குப் பட்டவர்கள் பெரும்பாலும் நாற்பதைக் கடந்த பெண்கள்.

சென்ற மாதம் சித்தி புதிய கைபேசி வாங்கினார். பழையதில் இருப்பதையெல்லாம் இதற்கு மாற்றித் தரும்படி கேட்டு என்னிடம் இரண்டையும் கொடுத்தார். மகனின் படிப்புச் சான்றிதழ்கள், சீட்டுப் பண ரசீதுகள், வாட்ஸாப்பில் வந்த காலை வணக்கப் படங்கள் ஆகியவற்றுக்கு நடுவே அந்த 14 காணொளிகளும் இருந்தன. காலை வணக்கங்களை அழித்துவிடலாமா என்று கேட்டேன், சரி என்றார். அந்தக் காணொளிகளை எடுத்ததும் அருகில் வந்து உட்கார்ந்தார். மகன் வசனம் பேசும் அந்த டூயட்டை இருவரும் பார்த்தோம். மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, பின்னால் கொடியில் காயும் சித்தப்பாவின் சட்டை. மேலே இடப்பக்கம் அவருடைய கணக்குப் பெயர் தெரிந்தது. எட்டாவது விநாடியளவில் கீழே வலப்பக்கம் தாவியது. “அந்தப் பேரு மறைக்குது பாரு, மூஞ்சிய நல்லாக் காட்ட மாட்டேங்குது, அத எடுக்க முடியுமா?” என்று கேட்டார். முடியும் என்றேன். சிறிது நேரம் யோசித்தார். பிறகு, “வேண்டாம், இருக்கட்டும்” என்றார்.